மூன்று நாள் நெருப்பு

லாப்ரடார் கரையில் ஜனவரியில் சாகிறவனுக்கு
மண் உடனே கிடைப்பதில்லை.
கடப்பாரை விழுந்தால் மணிபோல ஒலிக்கும் நிலம்.
அதன்மேல் விறகடுக்கித் தீ மூட்டி,
ஒரு சாண் இளகியதும் வெட்டி,
மறுபடி அடுக்கி, மறுபடி மூட்டி,
தித்துஸுக்கு ஆறடி சம்பாதிக்க
மூன்று நாள் ஆயிற்று.

எங்கள் வீட்டில் விறகு இல்லை, ஆண்டவரே.
அது உமக்குத் தெரியும்.
விறகுக்குப் போன இடத்தில்தான்
அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வீடு கொண்டுவந்தார்கள்.
யூலியானா ஒரு கைச்சுமை.
கடைக்காரர் மீன்பெட்டிப் பலகைகள்.
பள்ளிப் பிள்ளைகள் உடைந்துபோன ஹாக்கி மட்டைகள்.
ஒரு படகு எஞ்சினுக்காக
ஒன்பது வருடம் எங்கள் முகம் பாராத குஸ்தாவ்
இரண்டாம் நாள் இரவு
தன் மரச்சறுக்கு வண்டியை இழுத்துவந்தான்.
கயிறுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்துச் சுருட்டி வைத்தான்.
பிறகு கோடாலியால் வண்டியைப் பிளந்து
தீயில் போட்டான்.
ஒன்றும் பேசவில்லை.
விடியும்வரை புகைக்கு நடுவில் நின்றான்.

அன்று நான் ஸ்தோத்திரம் சொல்லவில்லை.
சொன்னதாக யாரும் சாட்சி சொல்லிவிட வேண்டாம்.
சபையார் சொன்னபோது வாயை மட்டும் அசைத்தேன்.
பல்லுக்குப் பின்னால் ஒரு கல் கிடந்தது.

இன்று ஈஸ்டர்.
இன்னும் விடியவில்லை.
பித்தளைக் கொம்புகளோடு ஏழு பேர்
கல்லறைத் தோட்டத்துக்கு ஏறுகிறோம்.
எட்டுப் பேர் இருந்தோம்.
அவருடைய கொம்பு இப்போது என்னிடம்.
அதன் ஊதுவாயை இரவெல்லாம் அக்குளில் வைத்திருந்தேன்,
உதடு ஒட்டிக்கொள்ளாதிருக்க.
குழலுக்குள் படிந்த பச்சைக் களிம்பு
இருபது வருடத்து அவர் மூச்சு.
எத்தனை தேய்த்தும் போகவில்லை.
போகாமல் வைத்ததற்கு நன்றி.

தோட்டத்தில் வேலியின் நுனி மட்டும் தெரிகிறது.
மீன்பிடித்தவன், போதகர், பிறந்தன்றே போன பிள்ளை,
எல்லோருக்கும் ஒரே அளவுக் கல்,
எல்லாம் படுத்த கல்,
எல்லாவற்றின் மேலும் நெஞ்சளவு பனி.
"அப்பா எங்கே?" என்கிறாள் பெனிக்னா.
மூலைக் கம்பத்திலிருந்து பதினாலு அடி என்று
எண்ணி வைத்திருந்தேன்.
பனியில் புதைந்து புதைந்து நடந்தால்
பதினாலு எங்கே முடிகிறதென்று யாருக்குத் தெரியும்?
"இங்கேதான், எங்கேயோ" என்றேன்.
அவள் சிரித்தாள்.
இந்த வருடத்தில் முதல் தடவை.

கிழக்கு வெளுத்தது. ஊதினோம்.
மூன்றாம் வால்வு உறைந்துபோய்
ஒரு சுரம் வரவே இல்லை.
அது வராத ஒவ்வொரு இடத்திலும்
வேலிக்கு அப்பால் ஒரு கரகரத்த தொண்டை
அந்தச் சுரத்தை மட்டும் பாடியது.
நான் திரும்பிப் பார்க்கவில்லை.
தெரியும்.

அப்போதுதான் தோன்றியது:
அத்தனை வீட்டு விறகையும் தின்றுவிட்டு
மனமில்லாமல் வாய்திறந்த இந்த மண்
ஒரே ஒரு சொல்லுக்குத் திறக்கப்போகும்
காலை ஒன்று உண்டு.
நெருப்பு வேண்டாம். கடப்பாரை வேண்டாம்.
பதினாலு அடியை நான் தவறாக எண்ணியிருந்தாலும்
நீர் எண்ணத் தவறமாட்டீர்.
மண்ணுக்குள் மூன்று நாள் என்பதன் கணக்கு
எங்களைவிட உமக்கு நன்றாய்த் தெரியும்.

பல்லுக்குப் பின்னால் இருந்த கல்
எப்போது புரண்டதோ.
ஹாக்கி மட்டைகளுக்காக ஸ்தோத்திரம், ஆண்டவரே.
மீன்வாடை வீசிய பலகைகளுக்காக.
சுருட்டி வைத்த கயிற்றுக்காக.
அவர் காட்டில் தனியாய்க் கிடந்த அரைமணி நேரம்
நீர் பக்கத்தில் இருந்தீர் என்று
நான் நம்புகிறேனே, அதற்காக.
சில இரவுகளில் நம்ப முடியவில்லையே,
அதையும் பொறுத்தீரே, அதற்காக.

முடிவே இல்லாத வாழ்வு என்றால்
அவ்வளவு நேரம் என்னதான் செய்வோம் என்று
சிறுவயதில் கேட்டுத் திட்டு வாங்கியவள் நான்.
இப்போது கேட்பதில்லை.
எழுந்ததும் தித்துஸிடம் சொல்ல வேண்டியவை
சேர்ந்துகொண்டே போகின்றன.
குஸ்தாவின் வண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.
அவர் நம்பமாட்டார்.
கயிற்றின் முடிச்சு முதற்கொண்டு
திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வார்.