நாற்பது சொற்களுக்குள்

பெங்களூரிலிருந்து முகவர் கேட்டிருக்கிறார்:
நாவலின் முதல் மூன்று அத்தியாயம்,
கூடவே உங்களைப் பற்றி
நாற்பது சொற்களுக்குள்.

எழுபதாயிரம் சொல் எழுதியவளுக்கு
இந்த நாற்பதில் கை நின்றுவிட்டது.

பி.காம். அரியர் முடித்த கதை வேண்டாம்.
மணலி கன்டெய்னர் யார்டில் நைட் ஷிப்ட்,
சீல் நம்பர் சரிபார்க்கிற வேலை. வைக்கலாமா?
ஒன்பதாவதில் கட்டுரைப் போட்டிக்கு
எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள்.
மூடி தொலைந்துவிட்டது. அடித்தேன்.

"கொருக்குப்பேட்டைன்னு மொத வரியிலயே போடு,
அப்பதான் தொறந்து பாப்பாங்க"
என்கிறான் டில்லிபாபு.
திறப்பார்கள்.
திறந்து, கத்தியைத் தேடுவார்கள்.
என் நாவலில் கத்தி ஒன்றே ஒன்று,
அதுவும் ஆப்பிள் நறுக்க.
மலைமேல் தொலைநோக்கி வைத்துக்கொண்டு
ஒரு நட்சத்திரத்துக்காக
பதினோரு வருஷம் பேசாமலிருக்கும் இருவர் கதை அது.
நான் அந்த மலைக்குப் போனதில்லை.
அதையும் சொல்ல வேண்டுமா?

ஊரைச் சொல்லாவிட்டால் பொய்போல் இருக்கிறது,
சொன்னால்
கை நீட்டுவதுபோல்.

இன்றைக்கும் கேட் போட்டுவிட்டான்.
சரக்கு ரயில். இதுவரை முப்பத்தொரு வேகன்.
ஸ்கூட்டியை அணைத்து
ஹேண்டில்பாரில் போனைச் சாய்க்கிறேன்.
முழு நாவலும் இப்படி எழுதியதுதான்,
பக்கத்து ஷேர் ஆட்டோவின் வசவைக் கேட்டபடி.

'குணவதி. ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரங்களில் எழுதுகிறவர்.'

ஆறு சொல்.
மிச்சம் முப்பத்துநாலுக்கு யோசிப்பதற்குள்
கேட் தூக்கிவிட்டான்.
பின்னால் அத்தனை ஹாரனும் ஒரே நேரத்தில்.
அனுப்பு என்பதை அழுத்திவிட்டு
கிக்கரை மிதித்தேன்.