வேலைக்கு ஆகாத ஜோக்குகள்

வெள்ளிக்கிழமை, இரவு பதினொன்றேகால்.
மோக்காவில் மழை. அது செய்தி அல்ல.
ஸ்டூடியோவுக்குள் ஏசி பதினேழில்,
கேமராவுக்குச் சூடு ஆகாதாம்.
மேசைக்குப் பின்னால் கெவின் டையைச் சரிசெய்கிறான்.
ஒரு வங்கியின் ஊழியர்கள் அறுபது பேர்
சிரிக்கச் சம்மதித்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

ரவான் தளர்ந்துவிட்டது.
ஆட்டுத்தோலுக்கு நேரலை என்றால் தெரியாது.
மரி-ஜோஸ் நடுவிரலால் தட்டிப் பார்த்தாள்:
மழையில் ஊறிய அட்டைப்பெட்டி.
"காய்ச்சணும்" என்றாள் கிரியோலில்.
கோயிலில் தப்பு அடிக்கிறவரும்
இதையேதான் சொல்வார்.

"நெருப்பா?" என்றார் தளமேலாளர் சிவென்.
"இங்கே ஊதுவத்திக்கே மூன்று கையெழுத்து."
மேக்கப் அறையிலிருந்து ஹேர் டிரையர் வந்தது.
ஊதியது, ஊதியது,
அவளுடைய முடிதான் காய்ந்தது.
பதிவு செய்ததை ஓடவிட்டுக்
கையை மட்டும் அசைக்கலாமே என்று ஒருவர் சொன்னார்.
மாயேபூரில் மீன் வெட்டுகிறவள் அவள்.
சும்மா பார்த்தாள்.
அவர் காபி எடுக்கப் போனவர்தான்.

நான் யார் என்று சொல்லவில்லையே.
மலீனி வீரப்பென்.
சம்பளச்சீட்டில் 'உள்ளடக்க உதவி'.
கெவின் சொல்லும் ஜோக்குகள் நான் எழுதுபவை,
கெவின் சொல்லாத ஜோக்குகளும்.
ஒவ்வொரு வெள்ளியும் என் கண்முன்னே
மஞ்சள் அட்டைகளைச் சீட்டுப்போல் பிரிப்பான்:
இடக்கைப் பக்கம் சிரிப்பு,
வலக்கைப் பக்கம் குப்பை.
குப்பை எப்போதும் உயரம்.
இன்று நாற்பத்தொன்று.

ஓபி வண்டியின் தகரக் கூரைக்கடியில்
ஒரு காலி பிஸ்கட் டின், சிவெனின் லைட்டர்.
(அவர் அங்கே இல்லை. அப்படித்தான் எழுதிக்கொடுத்தோம்.)
லிச்சி விலை பற்றிய ஜோக் முதலில் பற்றியது.
மெட்ரோ, மாமியார், அமைச்சரின் பல்,
மூன்றாம் எண் சூறாவளிக் கூண்டு,
எல்லாம் நன்றாகவே எரிந்தன.
மேடையில் இவ்வளவு வெளிச்சம் தந்திருக்காது.

ரவானைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டியபடி
"படி" என்றாள்,
"என்ன எரிகிறது என்று தெரியவேண்டாமா?"
படித்தேன். ஒன்று, இரண்டு.
மழை மட்டும் கைதட்டியது.
ஏழாவது, மீன்கடைத் தராசு பற்றியது.
மரி-ஜோஸ் குனிந்து, தொடையில் அடித்து,
இருமல் வரும்வரை சிரித்தாள்.
"இதை எரிக்காதே, வை."
பிறகு தோலைத் தட்டிக் கேட்டாள்.
"இன்னும் போதாது" என்றாள்.
கையை நீட்டினாள்.
கொடுத்தேன்.

மூன்று நிமிடம் இருபது விநாடி கொடுத்திருந்தார்கள்.
அறிமுக ஜோக்கைக் கெவின் முடிக்குமுன்பே
முதல் அடி விழுந்தது.
மணப்பேன் என்று சொன்னவன்
ஒரு ஃபிரிட்ஜ் வாங்கித் தந்துவிட்டுப் போன கதை,
அதன் ரப்பர் கதவு ஒவ்வொரு இரவும்
அவனைப்போலவே முத்தமிட்டு மூடிக்கொள்ளும் கதை.
வங்கி ஊழியர்கள் முதல் இரண்டு வரிக்குச் சிரித்தார்கள்.
மூன்றாவதில் ஒரு பெண்
கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி
மடியில் வைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நிமிடம் குளிர் தோலுக்குள் போயிற்று.
கேட்டது, எனக்குக்கூட.
ஒலி ஒவ்வொரு படியாக இறங்க,
அவள் சண்டைபோடவில்லை.
குரலையும் கூடவே இறக்கினாள்.
மரவான் குலுக்கிய பையன் பயந்து அவளைப் பார்த்து
அவனும் இறங்கினான்.
கடைசியில் பாட்டு
ஃபிரிட்ஜின் முனகலாகவே ஆகிவிட்டது.
நின்றது.

யாரும் கைதட்டவில்லை.
கெவின் அட்டையைப் பார்த்தான், நேயர்களைப் பார்த்தான்,
"அப்புறம்" என்றான்,
நேரலையில் எட்டு விநாடி வேறொன்றும் சொல்லவில்லை.
அவன் வாயில் நான் வைக்காத ஒரே சொல்.
அறை முழுக்கக் கருகிய காகித வாசம்;
யாரும் கேட்கவில்லை எதுவென்று.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன்.
இந்த வாரத்து அட்டைகள்
கொஞ்சம் தடிமனாக வாங்கியிருக்கிறேன்.