பிடி

போயாவுக்கு முதல்நாள் இரவு.
முன்னறையில் தலைகீழாய் நிற்கின்றன
நான்கு சைக்கிள்கள்,
கொம்பைத் தரையில் ஊன்றிய ஆடுகள் மாதிரி.
அடுப்படிக்குப் போக
ஒருக்களித்துத்தான் நுழைய வேண்டியிருக்கிறது.
ஒன்று எங்களுடையது.
ஒன்று தபால்கார விமலேந்திரனிடம் இரவல்.
மற்ற இரண்டும் நோர்வூட்டில் நாள் வாடகை;
அதில் ஒன்றுக்கு மணி இல்லை,
இன்னொன்றில் மணி மட்டும்தான் உருப்படி.

கொழுந்து லொறி ஓட்டுகிறவர்
அதிகம் பேசமாட்டார், மோந்து பார்ப்பார்.
பிரேக் கட்டையை நகத்தால் சுரண்டி
மூக்கருகே கொண்டுபோகிறார் அமலதாஸ்.
"ஏத்தம் ஆளைக் கொல்லாது,
மூச்சுதான் வாங்கும்."
மீதியைச் சொல்லவில்லை.
பத்தொன்பது வருஷம்
பாரத்தோடு அந்த வளைவுகளில் இறங்கியவர்.
மீதி எங்களுக்குத் தெரியும்.

டிலுக்சி பட்டியல் எழுதுகிறாள்,
பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்.
ஒட்டுத் துண்டு, சொலூசன், பம்ப்,
பனிமூட்டத்துக்கு இரண்டு டோர்ச்,
முதுகில் கட்ட மஞ்சள் துணி,
அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும்.
ரொஷாந்த் எட்டிப் பார்த்து
மீன் பணிஸ் எட்டு என்று சேர்க்கிறான்.
அவள் வெட்டி ஆறாக்குகிறாள்.
அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம்
ஆறு பத்தாகிவிட்டது.

தலைக்கவசம் மூன்றுதான் இருக்கிறது.
அந்த இடத்தில்
எங்கள் பயணம் அரைமணி நேரம் நின்றது.
மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போதும் எனக்கு
என்று சொல்லி மாட்டிக்கொண்டேன்.
பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்,
சத்தமில்லாமல்.
அப்போதுதான் உறைத்தது:
என் மூச்சைத் தவிர
உள்ளே எதுவும் கேட்கவில்லை.
பின்னால் வருகிற பஸ்ஸும் கேட்காது.
கழற்றிவிட்டு நாலு பேருக்குப் போன் பண்ணினேன்.
எட்டரைக்கு நனைந்தபடி வந்து சேர்ந்தது
ஒரு நீலக் கவசம்,
நாடாவில் யாரோ ஒரு பிள்ளையின் பெயரோடு.

நான் சைக்கிள் பழகியது
முப்பத்தெட்டு வயதில்.
போன சித்திரையில்,
கொழுந்து நிறுத்து எல்லாரும் போன பிறகு,
மடுவத்து முற்றத்தில்.
முழங்கையில் ஒரு சரளைக்கல்
இன்னும் நீலமாய் உள்ளே இருக்கிறது.
சமதரையில் எனக்குப் பயமில்லை.
இந்த நாட்டில் சமதரையை
எங்கே போய்த் தேடுவது?
காசல்ரி தண்ணீரை ஒட்டிக் கொஞ்சம்,
கோயில் வாசலில் கொஞ்சம்.

கடைசியாக, இழுத்துப் பார்த்தல்.
ஒவ்வொரு பிடியாக, முழுப் பலத்தோடு.
மூன்று சைக்கிள் தாங்கியது.
ரொஷாந்தினுடையதில்
"பட்"டென்று ஒரு சத்தம்.
வயர் துடித்து விழுந்தது
சிமெந்துத் தரையில்,
பணிஸ் பொதிக்குப் பக்கத்தில்.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
மனதுக்குள் எல்லாரும் ஒரே வளைவில் நின்றோம்.

"முன் பிரேக் இருக்குத்தானே" என்றான் அவன்.
அமலதாஸ் வாய் திறக்கும் முன்
இல்லை என்றேன்.
கடை ஒன்பதுக்குத் திறக்கும்.
ஒன்பதுக்குப் போவோம்.
"அப்ப விடிய வெளிக்கிடுறது?"
விடியட்டும், நாம் இல்லாமலே விடியட்டும்.
இன்னொன்றும் சொன்னேன்:
தேயிலைச் சரிவில் இறங்கும் அந்த ரோட்டில்
எல்லாரும் இறங்கித் தள்ளுவது.
"ஏத்தத்துலயும் தள்ளுறது,
இறக்கத்துலயும் தள்ளுறது,
அப்ப சைக்கிள் எதுக்கும்மா?"

நல்ல கேள்வி.
என்னிடம் பதில் இல்லை.
பணிஸ் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தேன்.

நடுச்சாமம். தகரத்தில் மழை.
தூக்கம் வராமல் எழுந்து
இருட்டில் தடவித் தடவிப் போனேன்,
இன்னொரு தரம் அழுத்திப் பார்க்க.
விமலேந்திரனின் சைக்கிள், சரி.
மணியில்லாதது, சரி.
நான் ஓட்டப்போவதைத் தொட்டேன்.

மார்கழிக் குளிரில்
அந்த ஒரு பிடி மட்டும்
வெதுவெதுப்பாய் இருந்தது.
எனக்குச் சற்று முன்புதான்
யாரோ அதை அழுத்திவிட்டுப்
போய்ப் படுத்திருக்கிறார்.