பதினொரு நொடிக் கதவு

ஓவுலுவில் நவம்பர். மூன்றரைக்கெல்லாம் இருட்டு.
இல்மோ வீட்டில் ஐந்து பேர், ஒரே சோபா.
திரையில் ஒரு கதவு திறந்துகொண்டிருந்தது,
திறந்துகொண்டே இருந்தது.

"பதினொரு நொடி" என்றான் டோர்ஸ்டி.
"எண்ணிப் பார்த்துவிட்டேன். எல்லாக் கதவும் பதினொன்று.
காசு கொடுத்துக் கதவை வேடிக்கை பார்க்கிறோம்."
அவன் லிப்ட் மெக்கானிக்.
எங்கோ ஒரு கதவு தாமதித்தால்
அவன் போன் அடிக்கும்.

கதை இவ்வளவுதான்:
வியாழனின் நிலவொன்றில் ஒரு சுரங்க நிலையம்.
மிச்சம் நீ மட்டும்.
கையில் விளக்கு, முதுகில் நாற்பது நிமிடக் காற்று.
உள்ளே இன்னொன்றும் இருக்கிறது.
அது வருவதில்லை.
அது வந்துபோன இடங்கள்தான் வருகின்றன:
ஈரமான ஏணிப்படி,
நீ மூடிவைத்த டப்பா திறந்தபடி,
உன் தூக்கப்பைக்குள்
உன்னுடையதல்லாத சூடு.

"மெதுவா? யார் சொன்னது?" என்றாள் சாய்மி.
"எங்கள் வார்டில் இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே
ஒரு நடை நடந்து பாருங்கள்.
ஒன்றும் நடக்காத ராத்திரிதான் நல்ல ராத்திரி.
ஆனால் அந்த ஒன்றுமில்லைக்குக் காது கொடுத்துக் கொடுத்து
விடியும்போது கழுத்து பிடித்துக்கொள்ளும்.
ஒன்பதாம் படுக்கையில் மெஷின்
ஒரு துடிப்பு தவறவிட்டால்
நான் நடப்பது எனக்கே கேட்கும்.
இதைச் செய்தவனுக்கு அது தெரிந்திருக்கிறது."
கறுப்பு உப்பு மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு
சேர்த்துச் சொன்னாள்:
"மேப் மட்டும் குப்பை."

ஹென்ரீக்காவுக்குப் பயமே இல்லை, கோபம்.
"ஆறு மணிநேரம் நடந்தேன்.
சேமிக்கும் இடத்துக்கு இன்னும் இரண்டு கதவு.
கரண்ட் போனது.
திரும்ப முதல் மாடி, முதல் டப்பா, முதல் படி.
என்னைத் தின்றது அந்த ஜந்து இல்லை.
அதற்குக் கூலி வாங்கியவர்கள்."

என் கருத்தை யாரும் கேட்கவில்லை.
இரண்டாம் கதவிலேயே தூங்கிவிட்டேன்.
கனவில் அது வந்தது.
அதைச் சொன்னால்
யார் கட்சியில் சேர்ப்பார்களோ என்று
வாயை மூடிக்கொண்டேன்.

இல்மோ காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.
அவன் எப்போதும் அப்படித்தான்,
விவாதம் சூடேறினால் அடுக்களைக்குப் போய்விடுவான்.
டோர்ஸ்டிதான் மெனுவைத் திறந்தான்.
ஓரத்தில் சின்ன எழுத்தில்:
முந்நூற்றுப் பன்னிரண்டு மணிநேரம்.

பதினான்கு மணிநேரத்தில் முடிகிற விளையாட்டு.

சேமித்த இடங்களைப் பார்த்தோம்.
எல்லாம் ஒரே இடம்.
ஆறாம் தளம், உடைந்த கண்ணாடியை ஒட்டுப்போட்ட ஜன்னல்.
"அங்கே ஒன்றுமே வராதே" என்றாள் ஹென்ரீக்கா.
"ஆமாம்" என்றான் இல்மோ, கோப்பைகளோடு.
"அந்த ஜன்னலில் நின்றால் காற்று குறைவதில்லை.
ஏதோ பிழை. யாரும் கவனிக்கவில்லை போல.
வியாழன் எழும், விழும்.
நான் நிற்பேன்."

"பயமாக இல்லையா?"

சர்க்கரையை எங்கள் பக்கம் நகர்த்தினான்.
"இருக்கிறது.
வெள்ளிக்கிழமை அப்டேட் வருகிறதாம்,
பிழைகளைத் திருத்துகிறார்களாம்."

அப்போதுதான் பார்த்தோம்,
சுவரிலிருந்து பிடுங்கிய இன்டர்நெட் ஒயர்
கிழிந்த மீசைபோல
மேசைக்கடியில் கிடந்தது.
டோர்ஸ்டி அதற்கு ஒரு ஜோக் வைத்திருந்தான்,
முகத்தில் தெரிந்தது.
காப்பியோடு விழுங்கிவிட்டான்.

திரும்பும்போது லிப்டில் நாங்கள் நால்வர்.
பழைய கட்டிடம், கதவு யோசித்து யோசித்து மூடியது.
இருட்டு நடைபாதை
ஒரு கீற்றாக ஒடுங்கும்வரை
யாரும் பேசவில்லை.
சாய்மி என் கையைப் பிடித்திருந்தாள்.
டோர்ஸ்டி எண்ணவே இல்லை என்று
இன்றுவரை சாதிக்கிறான்.
உதடு அசைந்ததை நான் பார்த்தேன்.