பின்பக்கம் காலி

மாதம் முந்நூறு டோடோ வரைகிறேன்.
சின்னப் பலகையில் நூற்றைம்பது,
காபிக் கோப்பையில் நூறு,
மிச்சம் சாவிக்கொத்தில், கட்டைவிரல் நக அகலத்துக்கு.
மாயேபூர் கடற்கரைச் சாலையில் மதாம் லிசெட்
திங்கட்கிழமைச் சந்தைக்கு முன்னால்
எண்ணி வாங்கிக்கொள்வாள்.
கையெழுத்து கிடையாது. கடை முத்திரை மட்டும்.

அலகுக்கு ஒரு வளைவு, வயிற்றுக்கு ஒரு வளைவு,
வால் மூன்று தீற்றல்.
கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்பது
பெருமைப் பேச்சில்லை.
சூறாவளி இரவொன்றில் மின்சாரம் போய்
நிஜமாகவே போட்டிருக்கிறேன்.
விடிந்ததும் பார்த்தேன்.
எவை இருட்டில் போட்டவை என்று பிரிக்க முடியவில்லை.
அன்றைக்குக் கொஞ்சம் பயந்தேன்.

மாடிவீட்டு யோஷ்னிக்கு ஆறு வயது.
அம்மாவுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை.
இரண்டாம் ஷிப்ட் என்றால்
குழந்தை என் மேஜையில்.
நேற்று, கேட்காமலே,
என் தடித்த தாள்களில் ஒன்றை உருவிவிட்டாள்.
எனக்கென்று ஏதாவது வரையப்போகும் நாளுக்காக
மூன்று வருடமாய் எடுத்துவைத்திருந்த தாள்.

திட்ட வாயெடுத்தபோது
டோடோ பாதி வந்திருந்தது.
வயிற்றுக்குள் தின்றதெல்லாம் தெரிந்தது:
லிச்சி, கூழாங்கல், மடித்த தால்பூரி,
ஒரு முட்டை, முட்டைக்குள் ஏதோ முறைத்துக்கொண்டு.
காலில் பதினொரு விரல்.
டச்சுக்காரன் கப்பல் ஓரத்தில், எறும்பளவு.
இடம் போதாமல் வால்
தாளைத் தாண்டி
மேஜையில் போய் முடிந்தது.

குழந்தைகள் எல்லாரும் மேதைகள் என்று
மேடையில் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது.
இதே யோஷ்னி மற்ற நாட்களில்
முக்கோணக் கூரை, மூலையில் சூரியன்,
மேலே பட்டையாய் நீலம் என்று
வகுப்பில் இருபத்தெட்டுப் பேரும் போடும்
அதே வீட்டைத்தான் போடுகிறாள்.
அவளுக்கும் உண்டு ஒரு முந்நூறு.
நிழல் எங்கே விழும் என்பது எனக்குத் தெரியும்.
தெரிந்துகொள்ளப் பல வருடம் பிடித்தது.
அதைக் கடலில் வீச மாட்டேன்.

ஆனால் டோடோவை அவள் பார்த்ததில்லை.
நானும்தான் பார்த்ததில்லை.
என்னுடையது,
எவனோ மாலுமி கிறுக்கியதைப் பார்த்து
எவனோ வரைந்ததைப் பார்த்து
அச்சடித்த தபால்தலையைப் பார்த்து வரைந்தது.
நீ எதைப் பார்த்து வரைந்தாய் என்று கேட்டேன்.
அதுக்குப் பசி, என்றாள் கிரியோலில்,
நிமிராமல்.

இரவு அவள் கோட்டைப் பிரதியெடுக்க உட்கார்ந்தேன்.
கோணல் வந்தது.
நாடகத்தில் நொண்டுகிறவனின் கால் போல வந்தது.
விரல்களைச் சரியாக எண்ணிப் பதினொன்று போட்டேன்.
தப்பு அங்கேதான்.
அவள் எண்ணவில்லை.

நாலு தாள் கசக்கிய பின்
கிடந்த சட்டமொன்றை எடுத்துக் கண்ணாடி துடைத்தேன்.
வால் மட்டும் உள்ளே வரவில்லை.
மேஜையைச் சுவரில் மாட்ட முடியாது.
வாலில்லாமலே மாட்டினேன், என் பலகைகளுக்கு நடுவில்.
சுற்றியிருந்த இருபதும்
புகைப்படத்துக்கு நிற்பவை போல் நின்றன.

காலையில் வந்தாள்.
சந்தோஷப்படுவாள் என்று காத்திருந்தேன்.
அவள் சாவிக்கொத்து டோடோக்களை வரிசையாய் அடுக்கி
எப்படி எல்லாம் ஒரே மாதிரி வருது உனக்கு என்று
வாய் பிளந்து பார்த்தாள்.
கேலியில்லை.
அப்படி ஒருவர் என் வேலையைப் பார்த்து
எத்தனையோ வருடமாயிற்று.

பிறகு சுவரைக் காட்டினாள்.
அதை எடுத்துக் குடு,
பின்பக்கம் காலியாத்தானே இருக்கு.

ஆணிகளைத் திருப்பிக் கண்ணாடியைக் கழற்றினேன்.
தாளைக் கவிழ்த்துப் போட்டு
பஸ் ஒன்றை ஆரம்பித்தாள்,
முதலில் டிரைவரின் காது.