பதினேழாவது வரிசை

ஆறரைக்கு நிதி மேலாண்மை வகுப்பு.
கல்லாவைப் பூட்டிவிட்டு
மட்டாட்டுவில் நின்றபடியே வந்து சேர்கிறாள் மொரா.
விரல்களில் இன்னும் ஊரார் பணத்தின் வாடை.

நைரோபியில் மழை.
நான்காம் மாடியில் புரொஜெக்டர் மட்டும் விழித்திருக்கிறது.
வறுத்த மரவள்ளிப் பொட்டலம்
ஒலுவோச் கையிலிருந்து கடைசி பெஞ்சுக்குப் போகிறது.

இன்றைய கேள்வி:
இருபது கிளைகள் கொண்ட ஒரு வங்கி.
எவற்றை மூடலாம்? காரணம் காட்டுக.

பெயர்களை மாற்றியிருக்கிறார்கள்.
எண்களை மாற்றவில்லை.
பதினேழாவது வரிசையின் மின்கட்டணம்
மார்ச்சில் அவளே கையெழுத்திட்ட தொகை,
சில்லறை உட்பட.

கூட்டினாள். கழித்தாள்.
தள்ளுபடி விகிதத்தைக் கொஞ்சம் இறக்கி
மறுபடி போட்டுப் பார்த்தாள்.
மூன்று, எட்டு, பதினேழு.
இன்னும் இறக்கினாள்.
மூன்று, பதினேழு.

டாக்டர் கிமெலி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றுகிறார்.
"விடை சரி. ஆனால் பதினேழில்
காவலாளி சம்பளம் விட்டுப்போயிருக்கிறது.
சேர்த்தால் உன் வாதம் இன்னும் வலுக்கும்."

விட்டுப்போகவில்லை.
காலை எட்டு மணிக்கு
அவள் குடையை வாங்கி இரண்டு உதறு உதறி
ஆணியில் மாட்டுகிற முசியோகாவை
எந்தக் கட்டத்தில் வைப்பது என்று
பேனாவை மூடினாள், திறந்தாள்.

பிறகு எழுதினாள்.
ஐந்து இலக்கம்.
கட்டத்தில் இடம் மிச்சமிருந்தது.