குளியலறைக்கு மட்டும் தாழ்ப்பாள் இருந்தது

கேட்டில் ஒரு கொப்பி நீட்டுகிறார்கள்:
பெயர், நேரம், வந்த காரணம்.
யோகராசா. எட்டே கால். பைப் அடைப்பு.
முன்பு வந்ததுண்டா என்று ஒரு கட்டம்.
கொஞ்சம் யோசித்து, 'ஆம்' என்று எழுதினேன்.

தொட்டி இன்னும் நாலு சிங்கக் காலில் நிற்கிறது.
பக்கத்தில் பித்தளைத் தகடு:
துரைமார் காலத்துத் தொட்டி, வயது நூற்றிருபது.
இந்த அறைக்கு ஓர் இரவு வாடகை
நாற்பத்தேழு பேர்,
மழைநாள் அரைப்பேரைச் சேர்க்காமல்.

துரை குளித்ததை யார் கண்டார்கள்?
சுடுதண்ணி சுமந்தவர்களே
கதவடியில் வாளியை வைத்துவிட்டு
முதுகு காட்டாமல் பின்னால் நடந்தவர்கள்தாம்.

தோட்டத்தை அரசாங்கம் எடுத்தபோது
இங்கே கோப்புகளை அடுக்கினார்களாம்.
சம்பளப் பட்டியல், பிரசாவுரிமை மனு,
கப்பலேறிப் போனவர்களின் அட்டை.
கூரை ஒழுகி எல்லாம் ஊறியதும்
தொட்டியிலேயே போட்டுக் கொளுத்தியதாகக் கேள்வி.
எனாமலில் ஒரு கறுப்புத் தழும்பு.
தகடு அதைச் சொல்லவில்லை.

பிறகு அந்தத் தை மாத மண்சரிவு.
ஏழாம் நம்பர் லயத்தில் பாதி
இரவோடு இரவாகப் பள்ளத்துக்குள் இறங்கிப் போயிற்று.
மிஞ்சியவர்களுக்குப் பங்களாவைத் திறந்துவிட்டார்கள்.
சாப்பாட்டு மேசைமேல் பிள்ளைகள் தூங்க,
பியானோவுக்குள் மா மூட்டை,
இஸ்தோப்பில் மூன்று கல் வைத்து ரொட்டி.
அம்மாவுக்கு நடுச்சாமத்தில் வலி கண்டது.
காம்பராக் கதவுகளை
யார் யாரோ முன்பே கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.
குளியலறைக்கு மட்டும் தாழ்ப்பாள் இருந்தது.

பிள்ளைக்காம்பரா ஆயா மூக்காயி
தொட்டிக்குள் உரச் சாக்கை விரித்தாள்.
என் பிறப்புச் சான்றிதழில்
பிறந்த இடம்: பெரிய பங்களா.
கிளாக்கர் இரண்டு தடவை கேட்டாராம்.

அதற்குப் பிறகு வந்து தங்கிய பட்டாளத்தைப் பற்றி
அம்மா பேசமாட்டாள்.
கதவின் வெளிப்பக்கம் நாலு ஆணித் துளை.
தாழ்ப்பாளை அங்கே மாற்றியிருக்கிறார்கள்.
இப்போது புட்டி வைத்து, வெள்ளை பூசி,
கண்ணுக்குத் தெரியாது.
விரலுக்குத் தெரிகிறது.

வளைவுக் குழாயைக் கழற்றினேன்.
ரோசா இதழ், பொன்னிற முடி, சோப்புக் கூழ்.
அடியில் கரி.
அதற்கும் அடியில் என்னவோ இருக்கிறது,
ஸ்பேனர் எட்டவில்லை.

நிரப்பிப் பாருங்கள் என்றார் மேனேஜர்.
நிரப்பினேன். சூடு பதமா என்று
முழங்கையை விட்டுப் பார்த்தேன்,
கேட்காத வேலை.
மூடியை இழுத்ததும்
செருமிக்கொண்டு தொண்டை திறந்தது போல ஒரு சத்தம்.

இந்தத் தண்ணி எங்கே போகிறது என்று கேட்டார்.
மனிதர் ஊருக்குப் புதுசு.
கீழே, சார். யார் குளித்தாலும் கீழேதான்.
எட்டாம் நம்பர் லயத்துக்குப் பின்னால்,
என் மச்சினி போட்ட கத்தரிப் பாத்தியில் வெளியாகும்.
போன கிழமை வரைக்கும் அங்கே ஒரே ரோசா வாசமாம்.
காய் மட்டும் பிடிக்கவில்லை.